பேரேட்டில் ஏறாத கணக்கு

கொல்கத்தாவின் படாபஜாரில் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தியவர்களின் கதையை அவர்கள் வீட்டுப் பெண்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த நாவல்களோடு ஒரு நடை.

படாபஜாரில் நடப்பதற்கு முதலில் வேண்டியது தோள். கண், காது, வரைபடம் எல்லாம் அப்புறம்தான். ஹௌரா பாலத்திலிருந்து இறங்கி மகாத்மா காந்தி சாலையில் ஐம்பது அடி வைப்பதற்குள் துணிப்பொதி ஒன்று வலது தோளை இடிக்கும். அதைச் சுமப்பவரின் முகம் தெரியாது. அதட்டல் மட்டும் கேட்கும். ஒதுங்கினால் இடது பக்கம் தள்ளுவண்டி. நின்றாலோ பின்னால் வருகிற பத்துப் பேர் சேர்ந்து நகர்த்திவிடுவார்கள். தனியாக நிற்பது என்பது இந்த இடத்தில் கிடையாது.

ஹூக்ளியின் கிழக்குக் கரையில், வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே நூலும் துணியும் விற்ற சந்தை இது. சேட்டுகள், பசாக்குகள் என்ற வங்காளி நெசவு வணிகக் குடும்பங்கள் அப்போது இங்கே பெரிய கைகள். (இந்த 'சேட்'டுக்கும் நம் ஊர் அடகுக்கடை சேட்டுக்கும் சம்பந்தமில்லை.) இன்று மசாலா, மருந்து, பித்தளை, பிளாஸ்டிக், கல்யாணப் பத்திரிகை, சேலை என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சந்து. சந்துகளுக்குள் 'கட்ரா' எனப்படும் மொத்த வியாபாரக் கட்டடங்கள். நடுவில் முற்றம், சுற்றிலும் அடுக்கடுக்காகக் கடைகள். மாடிப்படிகளில்கூட ஆள் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறார். மேலே மின்கம்பிகள் கொடிபோல் பின்னிக் கிடக்கின்றன. 2008 ஜனவரியில் நந்தராம் மார்க்கெட் நாள்கணக்கில் எரிந்தது. 2018 செப்டம்பரில், பக்கத்துக் கேனிங் தெருவில் பாக்ரி மார்க்கெட் எரிந்தது. தீயணைப்பு வண்டி நுழைய வழியில்லாத சந்துகளில் வியாபாரம் மட்டும் எப்படியோ மறுபடி நுழைந்துவிடுகிறது.

இந்த நெரிசலுக்குள் ஒரு கிழவரை நடக்கவிட்டால் என்ன ஆகும்? அல்கா சராவகியின் இந்தி நாவல் 'கலி-கதா: வயா பைபாஸ்' இந்த வேலையைத்தான் செய்கிறது. 1998ல் வந்தது. 2001ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. எழுதியவர் 1960ல் கல்கத்தாவின் மார்வாடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இது அவருடைய முதல் நாவல். நாயகர் கிஷோர் பாபு பணமுள்ள மார்வாடி. வீட்டில் வைத்ததே சட்டம். இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர், காரை விட்டுவிட்டு, காரணமில்லாமல் தெருத் தெருவாகச் சுற்ற ஆரம்பிக்கிறார். மூளை குழம்பிவிட்டதோ என்று வீடு கவலைப்படுகிறது. அவரோ நடக்க நடக்க 1940களுக்குப் போய்விடுகிறார். அங்கிருந்து இன்னும் பின்னால், பாலைவனத்திலிருந்து கிளம்பி வந்த முன்னோர்களிடம் போகிறார். ஒன்றரை நூற்றாண்டு அவர் கால்வழியே நமக்கு வந்து சேர்கிறது.

தலைப்பிலேயே விளையாட்டு இருக்கிறது. கலிகாதா என்பது இந்த ஊரின் பழைய பெயர். கலி கதா என்று பிரித்தால் கலியுகத்தின் கதை. பைபாஸ் என்பது இதயத்தில் செய்வது. அதோடு, நகரத்தின் நெரிசலைத் தொடாமல் கிழக்கே விரைகிற சாலைக்கும் கொல்கத்தாவில் அதுதான் பெயர். இதய மருத்துவமனைகள் பல அந்தச் சாலையோரத்தில்தான் இருக்கின்றன என்பது ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும் வேடிக்கை.

தமிழில் மார்வாடி என்றால் வட்டிக்கடை. வங்காளியில் அதைவிட மோசமான அர்த்தங்கள் உண்டு. உண்மையில் கல்கத்தா மார்வாடிகளில் பெரும்பாலோர் மார்வார் என்ற ஜோத்பூர்ப் பக்கத்தினரே அல்ல. ராஜஸ்தானின் வடகிழக்கு மூலையில் உள்ள ஷேகாவாட்டியும் அதை ஒட்டிய சூரு வட்டாரமும்தான் அவர்கள் ஊர். ஒட்டகச் சாரைகள் குஜராத் துறைமுகங்களுக்கும் தில்லிக்கும் இடையே போய்வந்த வழியில் இருந்த ஊர்கள் அவை. பம்பாயும் கல்கத்தாவும் பெரிய துறைமுகங்களாகி, பின்னால் ரயிலும் வந்தபோது அந்த வழி வறண்டது. 1860களில் கல்கத்தா ரயில் தில்லியை எட்டியது. சரக்கு போன திசையிலேயே ஆளும் கிளம்பிவிட்டார்.

கிளம்பியவர்கள் ஊரைப் பெயரில் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஜுன்ஜுனுவிலிருந்து வந்தவர் ஜுன்ஜுன்வாலா. சிங்கானாவிலிருந்து வந்தவர் சிங்கானியா. ஃபதேபூர்க்காரர் ஃபதேபூரியா. சிலருக்குத் தொழிலே பெயர். நாணயம் மாற்றியவர் சராஃப், கருவூலம் பார்த்தவர் போத்தார். படாபஜாரின் பெயர்ப்பலகைகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் ஷேகாவாட்டி வழியாக ஒரு ரயில் போவது போலிருக்கும்.

வந்த இடத்தில் தங்க 'பாஸா' இருந்தது. முன்னால் வந்து காலூன்றிய வணிகர் நடத்தும் விடுதி அது. பருப்பு, ரொட்டி, படுக்க இடம். புதுப்பையனுக்குத் தொழில் அமையும்வரை அதுதான் வீடு. மண்டாவாவிலிருந்து வந்த நாதுராம் சராஃப், ஆங்கிலேய நிறுவனம் ஒன்றுக்குப் பனியாவாகி, தன் பக்கத்து ஊர் இளைஞர்களை இப்படி வரவழைத்துத் தங்கவைத்தவர்களில் ஒருவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பனியா என்றால் வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் உள்ளூர் பஜாருக்கும் நடுவில் நின்று, சரக்குக்கும் கடனுக்கும் உத்தரவாதம் தருபவர். சென்னையில் துபாஷ் என்று சொன்ன ஆள்தான். (நாம் சட்டைக்குள் போடுகிற பனியனும் இந்தச் சொல்லின் வழிவந்ததுதான் என்பது படாபஜார் உள்ளாடைக் கடைகளில் நிற்கும்போது ஞாபகம் வந்தது.)

வணிகம் நடந்தது மெத்தையில். வெள்ளை விரிப்பு, சாய்ந்துகொள்ளத் திண்டு, எதிரே சாய்வுப் பெட்டி. கடைக்கே மெத்தை என்று பொருள்படும் சொல்தான் இங்கே வழக்கம். அந்த மெத்தையில் உட்கார்ந்து எழுதித் தந்த உண்டியல் சீட்டு, நாட்டின் மறுகோடியில் காசாகும். சீட்டில் இருந்த கையெழுத்தை நம்பித்தான் அந்தக் காசு கைமாறியது. மெத்தைக்காரரின் பிள்ளை பத்துப் பன்னிரண்டு வயதில் அங்கே வந்து உட்காருவான். கணக்கு படிப்பான். பேச்சு படிப்பான். எப்போது பேசாமல் இருப்பது என்றும் படிப்பான்.

இவர்கள் மழையை வைத்தும் பணம் கட்டினார்கள். மழைக்காலத்தில் படாபஜாரில் ஒரு வீட்டு மொட்டைமாடியின் தூம்பைப் பார்த்துக் கூட்டம் நிற்கும். குறித்த நேரத்துக்குள் மழை பெய்து தூம்பு வழியாகத் தண்ணீர் வழியுமா, வழியாதா? இதுதான் பந்தயம். மேகம் கறுக்கக் கறுக்க விலை மாறும். கிழக்கே காற்று திரும்பினால் மறுபடி மாறும். சணல், அபின், வெள்ளி என்று எதிர்கால விலையை ஊகித்து வாங்கி விற்பது நாள் முழுக்கத் தொழிலாக இருந்தவர்களுக்கு வானமும் ஒரு சரக்குதான். பார்க்கப்போனால் மழையும் பயிரும் விலையும் ஒரே கயிற்றில் கட்டியவைதானே. ஆனால் ஆங்கில அரசுக்கு இது வெறும் சூதாட்டம். 1897ல் சட்டம் போட்டு நிறுத்தியது. இது எங்கள் பழைய வழக்கம் என்று மார்வாடிகள் வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. கிளைவ் தெருவில் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் பங்குகளின் விலையை ஊகித்துக் கட்டிய பந்தயத்துக்கு மட்டும் வணிகம் என்று பெயர் இருந்தது. மறுவருஷம், 1898ல், மார்வாடி அசோசியேஷன் தொடங்கியது. சமூகம் என்று சேர்ந்து பேசினால்தான் இந்த ஊரில் காது கொடுப்பார்கள் என்று அதற்குள் தெரிந்துவிட்டது.

1917ல் இன்னொரு சங்கடம். படாபஜார் நெய்யில் கொழுப்புக் கலப்படம் என்று செய்தி பரவ, ஆசாரம் கெட்டது என்று பிராமணர்கள் கூட்டம் கூட்டமாக ஹூக்ளிக் கரையில் தீட்டுக் கழிக்க உட்கார்ந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மார்வாடி வணிகர்கள். கலக்கம் அடைந்தவர்களிலும் பலர் மார்வாடிகளே. சமூகமே பஞ்சாயத்து கூட்டித் தண்டம் விதித்தது. ஆனால் கறை போகவில்லை. 'பரசுராம்' என்ற பெயரில் எழுதிய ராஜசேகர் பாசுவின் நகைச்சுவைக் கதையில் கண்டேரிராம் பட்பாரியா என்ற மார்வாடி வருகிறார். பக்தி ஒரு கையில், மோசடி மறு கையில். வங்காளிகள் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். சத்யஜித் ராயின் 'ஜொய் பாபா ஃபெலுநாத்' (1979) படத்தில் உத்பல் தத் நடித்த மகன்லால் மேக்ராஜ், அதே அச்சில் வார்த்த வில்லன். ரசித்துப் பார்க்கிற பாத்திரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு நகரத்தின் நல்ல புத்தகங்களிலும் படங்களிலும் தன் இனத்தவன் வரும்போதெல்லாம் அவன் கையில் தராசும் கண்ணில் கள்ளமும் இருந்தால், அந்த வீட்டுப் பிள்ளை எதை வாசித்து வளரும்?

படாபஜாரின் வடகிழக்கு ஓரத்தில், ரவீந்திர சரணியிலிருந்து திரும்பும் ஒரு சந்துக்குள், இந்தக் கேள்விக்கு விசித்திரமான ஒரு பக்கத்துவீடு இருக்கிறது. ஜோராசாங்கோவின் தாகூர் இல்லம். கவியின் வீடு என்றே எல்லோரும் போய்ப் பார்க்கிறார்கள். அதைப் பெரிதாக்கியதோ வியாபாரம். ரவீந்திரநாத்தின் தாத்தா துவாரகாநாத், 1834ல் ஆங்கிலேயரைப் பங்காளியாக வைத்து 'கார், தாகூர் அண்ட் கம்பெனி' தொடங்கியவர். அவுரி, நிலக்கரி, நீராவிப் படகு, வங்கி என்று எதையும் விடவில்லை. 1846ல் லண்டனில் இறந்தார். இரண்டு ஆண்டுக்குள் கம்பெனியும் யூனியன் பாங்க்கும் கவிழ்ந்தன. மகன் தேவேந்திரநாத் கடனை அடைத்தார், ஜமீனை வைத்துக்கொண்டார், ஆன்மிகத்துக்குத் திரும்பினார். பேரன் எழுதினார்.

வங்காளத்துப் பெரிய குடும்பங்கள் வணிகத்தை விட்டு நிலத்துக்கும் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் போன அதே காலத்தில்தான் ஷேகாவாட்டிப் பையன்கள் பாஸாவில் வந்து இறங்கினார்கள். காலி செய்த மெத்தையில் வந்து உட்கார்ந்தவனை அபகரித்தவன் என்பதா, வேறு ஆள் இல்லாததால் வந்தவன் என்பதா? கொல்கத்தா நூறு ஆண்டுக்கும் மேலாக இதை முடிவு செய்யவில்லை. என் கணக்கில், முதலாவதைச் சொல்கிறவர்கள் இரண்டாவதையும் அறிவார்கள். அதனால்தான் குரல் அவ்வளவு உயர்கிறது.

வெள்ளைக்காரனிடமும் மரியாதை கிடைத்துவிடவில்லை. பிலானியில் 1894ல் பிறந்த கன்ஷியாம் தாஸ் பிர்லா, பதினாறு பதினேழு வயதில் கல்கத்தாவில் தரகராகத் தொடங்கியவர். ஆங்கிலேயர் அலுவலகங்களில் லிஃப்டில் ஏற விடமாட்டார்கள், காத்திருக்கும்போது பெஞ்சில் உட்கார விடமாட்டார்கள் என்று பிற்பாடு எழுதினார். காந்தி பக்கம் அவரைத் தள்ளியவற்றில் அந்த லிஃப்டும் ஒன்று. 1919ல் சொந்தமாகச் சணல் ஆலை வைத்தார். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டியபோது, அவர்கள் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மார்வாடிகளின் கைக்கு வந்தன. பெஞ்சில் இடம் கிடைக்காதவர்களின் பிள்ளைகள் கட்டடத்தையே வாங்கினார்கள்.

எல்லாம் வெற்றிக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். கல்கத்தாவின் ஹரிதாஸ் முந்த்ரா இப்படிக் கம்பெனிகளை வாரிக்கொண்டவர்களில் ஒருவர். 1957ல் அவருடைய ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்க, அதை நாடாளுமன்றத்தில் ஃபெரோஸ் காந்தி கிழித்துத் தொங்கவிட, சாக்ளா கமிஷன் விசாரித்து, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலக வேண்டி வந்தது. படாபஜாருக்கும் நம் ஊர் அரசியலுக்கும் அப்படியும் ஒரு தொடர்பு உண்டு.

இதையெல்லாம் எந்தக் குடும்பப் பேரேடும் சொல்லாது. பேரேடு என்றால் படாபஜாரில் 'பஹி'. சிவப்புத் துணி போர்த்திய நீளப் புத்தகம், கயிறு சுற்றி மடித்து வைப்பார்கள். தீபாவளிக்குப் புதுக்கணக்கு. முதல் பக்கத்தில் 'சுபம்', 'லாபம்'. அதே புத்தகங்களை அதே கடைகளில் வங்காளி வணிகர்கள் சித்திரை முதல் நாளில் 'ஹால் காதா' போட வாங்கிப்போவார்கள். ஒரே சந்தில் இரண்டு புத்தாண்டு. பஹியில் எழுதும் எழுத்தும் தனி. மகாஜனி என்றும் முடியா என்றும் சொல்வார்கள். உயிர்க்குறிகளை விட்டுவிட்டு மெய்யை மட்டும் வேகமாக எழுதுவது. வாசிக்கிறவன்தான் உயிர் கொடுக்க வேண்டும். அதனால் வந்த கதை ஒன்றை எல்லா மார்வாடி வீட்டிலும் சொல்வார்கள். 'சித்தப்பா அஜ்மீர் போனார்' என்று முனீம் கடிதம் எழுதுகிறார். ஊரில் அதை 'சித்தப்பா இன்று செத்துப் போனார்' என்று படித்து ஒப்பாரி வைக்கிறார்கள். அஜ்மீர் கயா, ஆஜ் மர் கயா. எழுத்தில் இரண்டும் ஒன்றுதான்.

இன்று அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் வெகு சிலர். கணக்கெல்லாம் கணினிக்குப் போயிற்று. பரணில் கிடக்கும் பழைய பஹிகளில் கொள்ளுத்தாத்தா யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று தங்கள் வீட்டுக்காரர்களே வாசிக்க முடியாது. வாசித்தாலும் என்ன இருக்கும்? சணல் இத்தனை பொதி, நெய் இத்தனை மணங்கு. 1943ல் அரிசி என்ன விலைக்கு வாங்கி என்ன விலைக்கு விற்றது என்றுகூட இருக்கலாம்.

அந்த 1943தான் சராவகியின் நாவலில் வலிக்கும் இடம். இளவயதுக் கிஷோருக்கு இரண்டு நண்பர்கள். அமோலக் காந்தி பக்கம், சாந்தனு சுபாஷ் போஸ் பக்கம். நடுவில் வணிகக் குடும்பத்துப் பையன், எந்தப் பக்கமும் முழுதாகப் போக முடியாதவன். அவர்கள் கண் முன்னால் பஞ்சம் வருகிறது. பர்மா வீழ்ந்து அரிசி நின்றது, அரசு படகுகளைப் பறித்தது, ராணுவத்துக்கும் நகரத்துக்கும் வாங்கிக் குவித்தது, பதுக்கல்காரர்கள் விலையை ஏற்றினார்கள். முப்பது லட்சம் பேர்வரை செத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. பதுக்கியவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்தார்கள். கொள்முதல் முகவர்கள் பல மதத்தவர். கஞ்சித்தொட்டி வைத்தவர்களில் மார்வாடிகளும் உண்டு. ஆனால் ஒரு நாவலாசிரியை அந்தச் சமநிலைக் கணக்கைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. சராவகி தப்பிக்கவில்லை. கனவு கண்ட பையன் எப்படி அதிகாரம் செய்யும் முதலாளியானான், இடையில் எதை மறந்தான் என்று அவரையே தெருவில் இறக்கிக் கேட்கிறார். 1946 ஆகஸ்ட் கொலைகளும் வருகின்றன. பைபாஸ் என்பது சுற்றிக்கொண்டு போவது. இந்த மனிதர் நாற்பது ஐம்பது ஆண்டாகத் தன் மனச்சாட்சியைச் சுற்றிக்கொண்டுதான் போனார். அடைப்பு நீங்கியதும் நேர்வழியில் வருகிறார், பாவம், கால்நடையாக.

இன்னொரு கணக்கு, ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதைப் பார்க்க ஷேகாவாட்டிக்குப் போக வேண்டும்.

நவல்கட், மண்டாவா, ராம்கட், ஃபதேபூர். மணல், முள்மரம், நடுவே திடீரென்று ஓவியம் தீட்டிய மாளிகைகள். இவைதான் ஹவேலிகள். பெரும்பாலானவை 1830 முதல் 1930 வரையான நூறு ஆண்டுகளில், கல்கத்தாவிலும் பம்பாயிலும் சம்பாதித்துக் கட்டியவை. சுவரெங்கும் கிருஷ்ணனும் கோபியரும், யானைகளும். கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் ரயில் வண்டி, மோட்டார் கார், தொப்பி போட்ட துரை, கிராமஃபோன். சில ரயில்களைப் பார்த்தால் ஓவியர் ரயிலை நேரில் பார்த்ததில்லை என்பது நிச்சயம். வீட்டின் மேல் வீடாக அடுக்கி, சக்கரம் வைத்திருக்கிறார். கல்கத்தாவிலிருந்து வந்தவர் வாயால் சொன்னதைக் கேட்டு வரைந்திருப்பார்.

ஹவேலிக்கு இரண்டு முற்றம். வெளிமுற்றம் ஆண்களுக்கும் வியாபாரத்துக்கும். உள்முற்றம் பெண்களுக்கு. கட்டியபோது நினைத்த ஏற்பாடு இது. நடந்தது வேறு. ஆண்கள் எல்லோரும் 'பர்தேசம்' எனப்பட்ட கல்கத்தாவில். வெளிமுற்றம் வருஷக்கணக்காகக் காலி. கல்யாணம் முடித்துக் கிளம்பியவன் இரண்டு மூன்று ஆண்டு கழித்து வருவான், சில மாதம் இருப்பான், போய்விடுவான். உள்முற்றத்தில் மாமியார், மருமகள்கள், விதவை நாத்தனார்கள். ரயில் ஓவியத்தை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். 'தேஸ்' என்றால் ஆண்களுக்கு ஏக்கம். பெண்களுக்கு அது தினப்படி வாழ்க்கை.

அந்த வாழ்க்கைக்கு வைத்த உச்சமான புகழ் ஜுன்ஜுனுவில் கோபுரமாக நிற்கிறது. ராணி சதி கோவில். கணவனோடு எரிந்தவளைக் குலதெய்வமாக வைத்துக் கும்பிடுவது. கோவிலை வளர்த்ததில் கொல்கத்தா வணிகர்களுக்குப் பெரும் பங்கு. 1987 செப்டம்பரில் பக்கத்துச் சீகர் மாவட்டம் தேவ்ராலாவில் ரூப் கன்வர் என்ற பதினெட்டு வயதுப் பெண் கணவனின் சிதையில் எரிந்தபோது நாடு அதிர்ந்தது. அதன்பின் வந்த மத்தியச் சட்டம் சதியைப் புகழ்வதையும் குற்றமாக்கியது. நாங்கள் கும்பிடுவது சக்தியை, சதியை அல்ல என்று பக்தர்கள் வாதிட்டார்கள். மழைப் பந்தயத்தைப் பரம்பரை வழக்கம் என்று வாதிட்ட அதே சமூகம்தான். இந்த முறை எரிந்தது ஒரு பெண் என்பது வித்தியாசம்.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் பிரபா கேதான் எவ்வளவு துணிந்தார் என்பது புரியும். 1942ல் பிறந்து 2008ல் மறைந்தவர். கல்கத்தா மார்வாடி வீட்டுப் பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மணமான ஒரு மருத்துவரோடு தனக்கிருந்த நெடுநாள் உறவை 'அன்யா சே அனன்யா' என்ற தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதினார். சீமோன் த பூவாவின் 'இரண்டாம் பாலினம்' நூலை இந்திக்குக் கொண்டுவந்தவர் அவர். பிழைப்புக்கு என்ன செய்தார் தெரியுமா? தோல் ஏற்றுமதி. சுத்த சைவ வீட்டுப் பெண், தோல்பைகளை வெளிநாட்டுக்கு விற்றார். கல்கத்தா சேம்பர் ஆஃப் காமர்ஸின் முதல் பெண் தலைவரும் ஆனார். மெத்தையில் உட்கார அவருக்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை. அவரே ஒன்று விரித்துக்கொண்டார்.

அவருடைய 'பீலி ஆந்தி' 1996ல் வந்தது. மஞ்சள் புயல் என்று பொருள், ராஜஸ்தான் மணற்காற்று. அந்தக் காற்றிலிருந்து தப்பி வங்காளத்துக்கு வரும் ஒரு குடும்பத்தின் தலைமுறைகளைப் பற்றிய கதை. கடை வளர்கிறது, வீடு பெரிதாகிறது, கூட்டுக்குடும்பம் கெட்டிப்படுகிறது. ஆண்களின் சாமர்த்தியம் ஒரு சுருதியாக ஓடுகிறது. ஆனால் கதை உள்முற்றத்தில் நடக்கிறது. கடைசியில் சோமா என்ற மருமகள் அந்த வீட்டை விட்டு வெளியே நடந்துவிடுகிறாள். முதல் தலைமுறை பட்டினியால் கிளம்பியது. சோமாவுக்கு வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இரண்டு கிளம்பல்களையும் அக்கம்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நாவலாசிரியையின் விருப்பம் என்று எனக்குப் படுகிறது.

வணிகக் குடும்பத்தைப் பற்றிய பெரிய நாவல்கள் உலகெங்கும் பெரும்பாலும் வீழ்ச்சியைச் சொல்கின்றன. தாமஸ் மன்னின் 'புடன்புரூக்ஸ்' (1901) நான்கு தலைமுறையில் ஒரு ஜெர்மன் தானிய வணிகக் குடும்பம் தேய்ந்து மறைவது. படாபஜார் நாவல்களில் அப்படி யாரும் திவாலாகி அழியவில்லை. பணம் இருக்கிறது, கூடிக்கொண்டும் போகிறது. தேய்வது வேறு ஏதோ. அதற்குச் சரியான சொல் கிடைக்காமல்தான் இந்த இரண்டு பெண்களும் முந்நூறு நானூறு பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

ஹவேலிகளில் இப்போது பூட்டு. வாசலில் ஒரு காவல்காரர். சில ஹவேலிகள் ஹோட்டலாகிவிட்டன, சில அருங்காட்சியகம். குழந்தைக்கு முதல் முடி இறக்க, குலதெய்வம் கும்பிட என்று கொல்கத்தாவிலிருந்தும் மும்பையிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. இரண்டு நாள் தங்கி, சுவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போகின்றன. கல்கத்தாவும் பலருக்குப் பழைய ஊராகிவிட்டது. 1960களின் கடைசியிலும் எழுபதுகளிலும் கெராவோ, கதவடைப்பு, நக்சல் கலவரம் என்று தொழில் நடத்த முடியாமல் தலைமை அலுவலகங்கள் பம்பாய்க்கும் தில்லிக்கும் நகர்ந்தன. 1980களில் பிர்லா குடும்பமே பாகம் பிரிந்தது. பிற பெரிய வீடுகளும் அண்ணன் தம்பி கணக்காகப் பிளந்தன. இருந்தவர்கள் படாபஜார் மாடிகளை விட்டு அலிப்பூர், பாலிகஞ்ச், சால்ட் லேக் என்று குடி மாறினார்கள். கடை மட்டும் இங்கே. காலையில் வந்து மாலையில் போகிறார்கள், ஒரு காலத்தில் கிளைவ் தெரு வெள்ளைக்காரர்கள் வந்துபோனது போல. இவர்களிடம் எந்த ஊர் என்று கேட்டால், ஒருமுறைகூடப் போயிராத ராஜஸ்தான் கிராமத்தின் பெயரைச் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. ஐந்தாம் தலைமுறையாகக் கொல்கத்தாவில் பிறந்தவர், வங்காளி கடகடவென்று பேசுபவர், ஒரு நொடி தயங்கித்தான் அந்தப் பதிலைச் சொல்வார்.

ஹௌரா பாலத்தடியில் தொடங்கும் மகாத்மா காந்தி சாலை படாபஜாரோடு நிற்பதில்லை. பழைய பெயர் ஹாரிசன் ரோடு. பொதிகளையும் தள்ளுவண்டிகளையும் கடந்து கிழக்கே நேராக நடந்தால் கால் மணி, இருபது நிமிடத்தில் காலேஜ் தெரு. நடைபாதை முழுக்கப் புத்தகம். அங்கே தோள் இடிப்பது குறைவு, குனிந்து நிற்பவர்கள் அதிகம். அடுக்குகள் பெரும்பாலும் வங்காளி. பரசுராம் எளிதாகக் கிடைக்கிறார், விலையும் குறைவு. கேதானையும் சராவகியையும் கேட்டால் கடைக்காரர் இந்திப் புத்தகமா என்று திரும்பக் கேட்டுவிட்டு, வந்த வழியிலேயே, படாபஜார்ப் பக்கமாகக் கையைக் காட்டுகிறார்.